மீட்டுருவாக்கம்: உடுக்குறி இட்ட வினைச்சொல்

ஒரே தாயிலிருந்து பிரிந்த மொழிகளை ஒப்பிட்டு, மறைந்துபோன தாய்மொழியின் சொல்வடிவங்களைக் கண்டடைவதை மொழியியலில் ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பார்கள். அடுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் சிலர் இதைப் ‘புனரமைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். கோயில் கோபுரத்துக்கு அது பொருந்தும். பழைய கல் அங்கே கண்முன் நிற்கிறது. ஐரிஷ், வேல்ஸ் முதலிய மொழிகளுக்குத் தாயான மூலக் கெல்டிக் மொழியிலோ எழுதப்பட்ட ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

‘வாங்கு’ என்ற வினையைப் பார்ப்போம். பழைய ஐரிஷில் ‘கிரெனைத்’ என்றால் வாங்குகிறான். வேல்ஸ் மொழியில் வாங்குவது ‘பிரனி’. ஒன்றில் ககரம், மற்றதில் பகரம். ஓகம் என்ற பழைய கோட்டெழுத்தில் பொறித்த அயர்லாந்துக் கல்வெட்டுகள்தாம் இங்கே வழிகாட்டுகின்றன. அவற்றில் ‘மகனுடைய’ என்ற சொல்லைச் செதுக்கியவர்கள் ககரத்துக்குரிய எழுத்தை விட்டு, ‘க்வ்’ ஒலிக்கான தனி எழுத்தை இட்டிருக்கிறார்கள். பின்னாளில் மகன் ஐரிஷில் ‘மக்’ ஆனான், வேல்ஸில் ‘மாப்’ ஆனான். ஆகவே ‘க்வ்’தான் மூத்தது. வினையின் தொடக்கத்திலும் அதையே வைக்கிறார்கள்: *க்வ்ரினதி.

சமஸ்கிருதத்தில் இதற்கு இணை ‘கிரீணாதி’. நம் கிரயப் பத்திரத்தில் உள்ள ‘கிரயம்’ அதே வேரில் பிறந்த வடசொல். இதை முதலில் அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

வினையின் ஈறுதான் பெரும் சிக்கல். ‘வாங்குவதில்லை’ என்று சொல்லும்போது ஐரிஷ் வினை ‘நீ கிரென்’ என்று குறுகிவிடுகிறது. முன்னே நிற்கும் ‘நீ’ எதிர்மறைச் சொல். ஒரே வினைக்கு இப்படி இரண்டு உருவங்கள் ஏன் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்பெயினில் சரகோசா அருகே போட்டோரிட்டாவில் 1970இல் கிடைத்த, கெல்டிபேரியம் என்ற பண்டைக் கெல்டிக் மொழியில் எழுதிய வெண்கலப் பட்டயத்தில் ‘தி’ என முடியும் வினைகள் உள்ளன. ‘தி’ ஈறு பழையது என்பதற்கு அது நல்ல சான்று.

அதனால்தான் ‘மீட்டுருவாக்கம்’ என்பதே எனக்குச் சரியான சொல்லாகப் படுகிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, அதே ‘மீட்டு’, அதனோடு ‘உருவாக்கம்’. பிள்ளைமொழிகளிடமிருந்து மீட்பதும் உண்டு, ஆய்வாளர் உருக்கொடுப்பதும் உண்டு. இரண்டையும் இந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது.

*க்வ்ரினதி போல மீட்டுருவாக்கிய சொல்லின் முன்னால் நிற்கும் விண்மீன் அடையாளத்துக்குத் தமிழில் உடுக்குறி என்று பெயர். உடு என்றால் விண்மீன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மொழியியலாளர் ஆகஸ்ட் ஷ்லைஹர் இந்த வழக்கத்தைப் பரப்பினார். அச்சில் அது விடுபட்டால், யாரோ எங்கோ கல்லில் பொறித்துவைத்த சொல் என்று வாசகர் நம்பிவிடுவார்.