பிடரியில் இருப்பதுதான் மொத்தக் கையிருப்பு

போன வாரம் 23 வயதுப் பையன் ஒருவர் வந்தார். முன்நெற்றியில் கோடு போட்டதுபோல் அடர்த்தியான முடி. அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. 21 வயதில் வேறெங்கோ முடி மாற்று சிகிச்சை செய்திருக்கிறார். ஃபோனில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, “இதே மாதிரிதான் கேட்டேன் டாக்டர், வெச்சும் குடுத்தாங்க. இப்ப பின்னாடி கொட்டுது” என்றார். பிடரியைப் பார்த்தேன். பூச்சி அரித்த துணிபோல் இருந்தது. அங்கிருந்து எடுக்க இனி அதிகம் இல்லை. ஒரே மாதத்தில் இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் இவர்.

முடி நட்டுவிட்டால் வழுக்கை நின்றுவிடும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்கிறார்களோ! நிற்காது. இந்தச் சிகிச்சை புது முடி எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள வேர்கள், வழுக்கையை உண்டாக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு எளிதில் மசியாதவை. எங்கே நட்டாலும் அந்தக் குணத்தோடுதான் வளரும். மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதியது இதைத்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு நட்ட முடிக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் உங்கள் சொந்த முடி அதன்பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே போகும். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவது போலத்தான் இது. பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. பலருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே சுமார் 6,000 கிராஃப்ட்தான் (பிடுங்கி நடும் வேர்க்கொத்து) தேறும். அதை 21 வயதில் முன்நெற்றியில் கொட்டிவிட்டால் 40 வயதில் உச்சந்தலைக்கு என்ன செய்வது?

கால்பந்து வீரர் வெய்ன் ரூனி 2011-இல், 25 வயதில், சிகிச்சை செய்துகொண்டதைத் தானே ட்விட்டரில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னது எத்தனையோ பேரின் கூச்சத்தைப் போக்கியது. இரண்டே வருடத்தில் அவர் மறுபடியும் செய்துகொண்டது மட்டும் யாருக்கும் நினைவில்லை. திரையில் நீங்கள் பார்க்கும் தலையிலோ ஒட்டு விக், முடித்தூள், விளக்கு வெளிச்சம் எல்லாம் கலந்திருக்கலாம். தினசரி மாத்திரையும் இருக்கலாம். அந்தப் படத்தைக் கொண்டுவந்து “இதே கோடு வேண்டும்” என்றால் நான் போட மாட்டேன். இரு ஓரங்களிலும் சற்றே ஏறிய கோடுதான் 45 வயது முகத்துக்கும் பொருந்தும்.

முதலில் மருந்து. மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு இரண்டும் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பவை; ஃபினாஸ்டிரைடுக்கு அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கென அனுமதி கிடைத்தது 1997-இல். சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு வரும். அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள், நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். நிறுத்தினால் பலனும் சில மாதங்களில் போய்விடும். காய்ச்சலுக்குப் பின்னும், தைராய்டு, இரும்புச்சத்துக் குறையாலும் கொட்டும் முடிக்கு அறுவை எதற்கு? காரணத்தைச் சரிசெய்தால் போதும்.

சரி, செய்தே தீருவது என்று முடிவெடுத்தால், வேரை எடுப்பது யார், மரப்பு ஊசி போடுவது யார் என்று கேளுங்கள். மரப்பு மருந்துக்கு உடல் எடைப்படி ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவர் முகத்தையே காட்டாத இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயையும் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் மறைக்காதீர்கள். நட்ட முடி சில வாரங்களில் உதிரும், அது இயல்பு, அதற்காக நள்ளிரவில் பயந்து அழைக்க வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடமாவது ஆகும்.

25 வயதைத் தொடாத தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருடம் மருந்து எடுத்துப் பாருங்கள். அப்புறம் வரும்போது நடிகர் படம் வேண்டாம். அப்பா, சித்தப்பா, தாய்மாமன் படங்களைக் கொண்டுவாருங்கள். உங்கள் வழுக்கை எதுவரை போகும் என்று அவற்றை வைத்துத்தான் என்னால் ஓரளவாவது கணிக்க முடியும்.