மேற்கே நடந்து சென்ற ஊர்ப்பெயர்கள்

அமெரிக்காவில் ஃபிராங்க்ளின், ஸ்பிரிங்ஃபீல்ட், வாஷிங்டன் போன்ற பெயர்கள் மாநிலத்துக்கு மாநிலம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பவர்கள், குடியேறியவர்களுக்குப் புதுப் பெயர் தோன்றவில்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒரே பெயருள்ள ஊர்களைக் கிழக்கிலிருந்து மேற்காக, அவை தோன்றிய வரிசையில் தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு குடிப்பெயர்ச்சியின் தடம் தெரிகிறது.

வட கரோலினாவிலுள்ள ஃபயட்வில், அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் லஃபாயெட்டின் நினைவாக 1783-இல் அப்பெயரைப் பெற்றது. அங்கிருந்து அப்பலாச்சிய மலைகளைக் கடந்து டென்னசியின் தென்பகுதிக்குச் சென்றவர்கள் தங்கள் புதிய ஊருக்கும் அதே பெயரை வைத்தார்கள். மூன்றாவது ஊர், அப்போது மாநில உரிமை பெறாத ஆட்சிப்பகுதியாக இருந்த ஆர்கன்சாவில் இருக்கிறது. வாஷிங்டன் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) தலைமையிடமான அந்த ஊர் முதலில் வாஷிங்டன் என்றே அழைக்கப்பட்டது. ஆனால் அதே ஆட்சிப்பகுதியின் தென்மேற்கில் ஏற்கெனவே ஒரு வாஷிங்டன் இருந்ததால், கடிதங்கள் இடம் மாறிப் போகும் நிலை வந்தது. 1829-இல் பெயரை மாற்றியபோது, ஊருக்கு இடம் தேர்ந்தெடுத்த ஆணையர்களில் இருவர் டென்னசி ஃபயட்வில்லிலிருந்து வந்தவர்கள் என்பதால், புதிய பெயர் எங்கிருந்து வரும் என்பதில் ஐயம் எழவில்லை. ஆகவே ஆர்கன்சாவின் ஃபயட்வில் நேரடியாக நினைவுகூர்வது லஃபாயெட்டை அல்ல, டென்னசியிலுள்ள ஒரு சிற்றூரைத்தான்.

இந்த மாற்றத்துக்குப் பின்னாலிருந்த அஞ்சல் சிக்கலே, பெயர்கள் எவ்வளவு தூரம் பெருகலாம் என்பதையும் வரையறுத்தது. ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963-இல்தான் வந்தது; அதற்கு முன் உறைமேல் எழுதிய ஊர்ப்பெயரையும் மாநிலப் பெயரையும் நம்பியே கடிதங்கள் பிரிக்கப்பட்டன. எனவே ஒரே மாநிலத்தில் இரண்டு அஞ்சல் நிலையங்கள் ஒரே பெயரைக் கொண்டிருப்பதை அஞ்சல் துறை ஏற்கவில்லை. எல்லைக்கு அப்பால் அடுத்த மாநிலத்தில் அதே பெயர் இருப்பதைப் பற்றி அது கவலைப்படவும் இல்லை. 1890-இல் அமைக்கப்பட்ட புவியியல் பெயர்கள் வாரியமும் அரசு வரைபடங்களில் ஓர் இடத்துக்கு ஒரே எழுத்துவடிவம் இருப்பதையே நாடியதேயன்றி, இரட்டைப் பெயர்களை ஒழிக்க முற்படவில்லை.

இந்தத் தடங்களில் மிகத் தெளிவானது, வடக்கு ஒஹாயோவில் எரிநிலம் என்று பொருள்படும் ஃபயர்லாண்ட்ஸ் என்னும் பெயர் கொண்ட பகுதி. விடுதலைப் போரின்போது கனெக்டிகட்டின் டான்பரி, நார்வாக், நியூ லண்டன் முதலிய ஊர்களை ஆங்கிலேயப் படை தீக்கிரையாக்கியது. வீடிழந்தவர்களுக்கு இழப்பீடாக, மேற்கே தனக்கிருந்த நிலத்தில் ஐந்து லட்சம் ஏக்கரைக் கனெக்டிகட் அரசு 1792-இல் ஒதுக்கியது. அதனால்தான் நார்வாக், நியூ லண்டன், கிரீனிச், நியூ ஹேவன் என்று எரிந்த கடலோர ஊர்களின் பெயர்கள் ஈரி ஏரிக்குத் தெற்கே அருகருகே நிற்கின்றன. இழப்பீடு வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. பாதிக்கப்பட்டவர்களைவிட, அவர்களுடைய உரிமையை வாங்கியவர்களும் வாரிசுகளுமே பெரும்பாலும் அங்கே குடியேறினார்கள். ஆயினும் பெயர்கள் மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தன.

எல்லாப் பெயர்களுக்கும் இத்தகைய காரணம் இருப்பதில்லை. 1845-இல் ஓரிகனில், பாஸ்டன் நகரையும் மேய்னின் போர்ட்லண்டையும் சேர்ந்த இருவர் தத்தம் ஊர்ப்பெயருக்காக ஒரு செப்புக்காசைச் சுண்டினார்கள், போர்ட்லண்ட் வென்றது.

அஞ்சல் விதியின் பிடிக்குள் வராதவை டவுன்ஷிப்புகள். நிர்வாகத்துக்கான எல்லைகளாகிய இவற்றுக்குத் தம் பெயரில் அஞ்சல் நிலையம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் நியூ ஜெர்சி என்னும் சிறு மாநிலத்திலேயே கிளௌசெஸ்டர், ஹண்டர்டன், சோமர்செட், வாரன் ஆகிய நான்கு கவுண்டிகளிலும் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப் உண்டு. அங்கே வாஷிங்டன் டவுன்ஷிப்புகளும் பல இருந்தன. அவற்றுள் மெர்சர் கவுண்டியில் இருந்தது, குழப்பத்துக்கு முடிவுகட்ட 2007-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ராபின்ஸ்வில் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.