கம்ப்ளையன்ஸ் என்பது ‘இணக்கம்’ அல்ல

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் படிவத்தில் இப்படி ஒரு வரி: “தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எமது நிறுவனம் இணக்கம் தெரிவிக்கிறது.” 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் அது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஆஸ்பத்திரியின் இணக்கத்தை யாரும் கேட்கவில்லை, அதன்படி நடக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படி நடப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘கம்ப்ளையன்ஸ்’ (compliance) என்கிறார்கள். அதே பக்கத்தில் சற்றுக் கீழே, சத்திரசிகிச்சைக்கு நோயாளி கொடுக்கும் சம்மதத்துக்கும் ‘இணக்கம்’ என்றே போட்டிருக்கிறார்கள். ஒன்று கட்டாயம், மற்றது அவரவர் விருப்பம். கையெழுத்து வைப்பவர் எதை விளங்கிக்கொள்வார்?

கம்ப்ளையன்ஸின் மூலம் லத்தீனில் ‘கொம்ப்ளேரே’, அதாவது நிரப்புதல். ஸ்பானியத்தில் இன்றும் ‘கும்ப்ளிர்’ என்றால் நிறைவேற்றுதல். வளைந்துகொடுத்தல் என்ற சாயல் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது, நம் ஆட்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இணங்குதல் மனம் சம்பந்தப்பட்டது. மறுக்க இடமிருந்தும் மறுக்காமல் ஒப்புக்கொண்டால்தான் இணங்கினார் என்கிறோம். இலங்கைத் தமிழில் இந்தப் பொருள் இன்னும் அழுத்தம்: கட்சிகள் பேசி ‘இணக்கப்பாட்டுக்கு’ வருகின்றன, வேலிச் சண்டையை ‘இணக்க சபை’யில் தீர்க்கிறார்கள். இங்கே ‘கம்ப்ளையன்ஸ் லோயர்’ ஒருவரை ‘இணக்கச் சட்டத்தரணி’ என்றால், வழக்கைப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் இரு தரப்பையும் சமாதானம் செய்துவைப்பவர் என்றுதான் எவரும் நினைப்பார். அவர் வேலை அது இல்லை. சுகாதாரத் துறையில் அவர் பார்ப்பது இவைதான்: ஆஸ்பத்திரியோ ஆய்வுகூடமோ 2006இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வந்த மருந்தும் கருவியும் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவுபெற்றவையா, சிகிச்சை தரும் டாக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, நோயாளியின் ரிப்போட்டை யாருக்குக் காட்டலாம். குறை இருந்தால் அதிகாரிகள் வருமுன் சரிசெய்யச் சொல்லவேண்டும். பேரம் பேச இதில் இடமே இல்லை. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை வர்த்தமானியில் வந்தது. ஒரு பாமசிக்காரருக்கு அந்த விலையில் கொஞ்சமும் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதற்கு மேல் ஒரு சதமும் வாங்காவிட்டால் அந்த விதிப்படி அவர் நடந்துவிட்டார். இணங்காமலே ஒழுகலாம். இந்த வேறுபாட்டைத்தான் ‘இணக்கம்’ அழித்துவிடுகிறது.

அப்புறம் சில ஆண்டறிக்கைகளில் ‘இணங்குவிப்பு’ என்று ஒன்று. அது பிறவினை, இன்னொருவரை இணங்க வைப்பது. ஒரு கம்பனி தானே விதிப்படி நடப்பதை இந்தச் சொல் எப்படிக் குறிக்கும்?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. “உலகத்தோடு ஒட்ட ஒழுகல்” என்று குறள் 140 சொல்கிறது. ஒரு நெறியை ஒட்டி நடப்பதற்கு இதைவிடத் தெளிவான வினை எனக்குத் தெரியாது. கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும் என்பவர்களுக்கு: ஒழுக்கமும் ஒழுகலாறும் இந்த வேரில் வந்தவைதான், அவற்றை எவரும் கூரையோடு குழப்புவதில்லை. அரச ஆவணங்களில் ‘இணங்கியொழுகல்’ என்ற வழக்கே இருக்கிறது. அதிலே தேவையான பாதியை வெட்டி எறிந்துவிட்டு, தேவையில்லாத பாதியை வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் ‘விதியொழுகல்’ என்பேன். சட்டத்தின் கீழ் ஆக்கப்படுபவற்றை ஏற்கெனவே ‘ஒழுங்குவிதிகள்’ என்றுதான் சொல்கிறோம், ஆகவே விதி என்றதும் தலைவிதியை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. அகராதியில் முதலாவதாக நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த வசனம் ஒரு கடமையைச் சொல்கிறதா, அனுமதியைச் சொல்கிறதா என்று பக்கத்தில் இருக்கும் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மருத்துவப் படிவங்களில் இது சின்ன விஷயம் அல்ல. தமிழ்ப் பக்கத்தை நம்பித்தான் ஒரு தாய் பிள்ளையின் சிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கிறாள்.

எதிர்ச்சொல்லிலும் இதே கோளாறு. ‘இணக்கமின்மை’ என்றால் புருஷன் பெண்சாதிக்குள் ஒத்துப்போகவில்லை என்பதுபோல் இருக்கிறது. சிலர் ‘விதிமீறல்’ என்கிறார்கள், அது மறுபக்கம் கூடிப்போகிறது. பதிவைப் புதுப்பிக்கத் தவறியதும் போலி மருந்து விற்றதும் ஒன்றல்ல. புதுப்பிக்கத் தவறியவரிடம் இருப்பது ‘விதியொழுகாமை’. மீறல் என்ற சொல்லைப் போலி மருந்து விற்றவருக்கு வைத்துக்கொள்ளலாம்.