முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் ஒரு வளரும் நாடு எதற்கெல்லாம் கட்டுப்படுகிறது?

2019 ஜூலை 3 அன்று பன்னாட்டு நிதியம் பாகிஸ்தானுக்கு 600 கோடி டாலர் கடன் தர ஒப்புதல் அளித்தது. ஒன்பதே நாளில், ஜூலை 12 அன்று, அதே பாகிஸ்தான், ஆஸ்திரேலியாவில் பதிவான ஒரு சுரங்க நிறுவனத்துக்கு ஏறத்தாழ 580 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று மூன்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். பலூசிஸ்தானின் ரெக்கோ டிக் பகுதியில் தாமிரமும் தங்கமும் எடுக்க அந்நிறுவனம் கேட்ட உரிமத்தை மாகாண அரசு 2011இல் மறுத்திருந்தது. சுரங்கம் தோண்டப்படவே இல்லை. நிறுவனம் தான் செலவிட்டதாகச் சொன்ன தொகையே சுமார் 22 கோடி டாலர்தான். ஆனால், உரிமம் கிடைத்திருந்தால் பின்னாளில் வந்திருக்கக்கூடிய லாபத்தை மதிப்பிட்டு இழப்பீட்டை நிர்ணயித்தார்கள். அதன்மேல் வட்டியும் சேர்ந்தது. 2022இல் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒன்றான பாரிக் என்ற கனடா நிறுவனம், புதிய உடன்பாட்டின்படி பாதிப் பங்குடன் அதே சுரங்கத்துக்குத் திரும்பிய பிறகுதான் விவகாரம் தணிந்தது.

இந்த வழக்குக்கு வழி திறந்தது 1998இல் ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம். கையெழுத்தான நாளில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். வர்த்தக ஒப்பந்தம் என்றால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ஒரு வளரும் நாட்டின் கையை அதிக காலம் கட்டிப்போடுவது முதலீடு பற்றிய விதிகள்தான். அதனால் இந்த விளக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

வர்த்தக விதிகளுக்கு அடித்தளம் உலக வர்த்தக அமைப்பு. 1994இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1995 ஜனவரி 1 அன்று ஜெனீவாவில் செயல்படத் தொடங்கியது. அங்கே ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடு மட்டுமே வழக்குத் தொடுக்க முடியும். தோற்ற நாடு விதியைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் வென்ற நாடு பதிலுக்கு வரி விதிக்க அனுமதி பெறலாம். கடந்த காலத்துக்கான இழப்பீடு என்று பணம் கட்டச் சொல்வதில்லை.

முதலீட்டு ஒப்பந்தம் வேறு வகை. இரு அரசுகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அதை வைத்து வழக்குப் போடுவது தனியார் நிறுவனம். எதிர்த்தரப்பில் நிற்பது அரசு. தீர்ப்பு பணமாகவே வரும். அந்த நிறுவனம் உள்நாட்டு நீதிமன்றத்தை முதலில் அணுக வேண்டும் என்ற கட்டாயம் பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் கிடையாது.

இந்த வகையில் உலகின் முதல் ஒப்பந்தம் 1959இல் மேற்கு ஜெர்மனிக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஏற்பட்டது. வழக்குகளை நடத்த உலக வங்கிக் குழுமத்தின் கீழ் வாஷிங்டனில் ஒரு மையத்தை அமைக்கும் உடன்படிக்கை 1965இல் உருவானது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் இக்சிட். 1990களில்தான் ஒப்பந்தங்கள் மளமளவென்று பெருகின. கடன் நெருக்கடியில் சிக்கியிருந்த நாடுகள், கையெழுத்துப் போட்டால் முதலீடு வரும் என்று நம்பின. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அண்மைக்காலத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் பலவற்றில் முதலீடு ஒரு தனி அத்தியாயமாகவே சேர்க்கப்படுகிறது. ஆகவே தலைப்பில் வர்த்தகம் என்று மட்டும் இருந்தாலும் உள்ளே இரண்டும் இருக்கலாம்.

நிறுவனத்துக்குக் கிடைக்கும் உரிமைகள்

சொத்தைப் பறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது எளிதாகப் புரியும் விதி; நியாயமானதும்கூட. சிக்கல் 'மறைமுகக் கையகப்படுத்தல்' என்ற சொல்லில் தொடங்குகிறது. அரசு எதையும் பறிக்கவில்லை, ஆனால் அதன் முடிவால் முதலீட்டின் மதிப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது என்றால் அதுவும் பறித்ததற்குச் சமமாகக் கருதப்படலாம். மெக்சிகோவில் நச்சுக் கழிவுக் கிடங்கு ஒன்றுக்கு உள்ளூர் நகராட்சி கட்டட அனுமதி மறுத்தது. மாநில அரசு அந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனம் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு சுமார் 1.67 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள். அனுமதி மறுத்தது நகராட்சியானாலும் சர்வதேசச் சட்டத்தின் முன் பொறுப்பேற்க வேண்டியது தேசிய அரசு.

அடுத்தது 'நியாயமான, சமநீதியான நடத்தை'. கேட்பதற்கு யாருக்கும் மறுப்பிருக்காத சொற்றொடர். நடைமுறையில் நிறுவனங்கள் அதிகம் வெல்வது இதை வைத்துத்தான். எது நியாயம் என்று பழைய ஒப்பந்தங்கள் வரையறுக்கவில்லை. நடுவர்கள் பலர் அதற்கு, முதலீட்டாளரின் நியாயமான எதிர்பார்ப்பை அரசு மீறக் கூடாது என்று பொருள் கண்டார்கள். அப்படியானால் சட்டத்தை மாற்றும் அரசு, பழைய சட்டத்தை நம்பி வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். 2001, 2002இல் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் சரிந்தபோது, மின்சாரம், எரிவாயு, குடிநீர்க் கட்டணங்களை அரசு டாலரிலிருந்து தன் நாணயமான பெசோவுக்கு மாற்றி உயராமல் நிறுத்திவைத்தது. மக்கள் கட்டணம் கட்ட முடியாமல் தவித்த நேரம் அது. அந்த நெருக்கடிக்கால முடிவுகளை எதிர்த்து நாற்பது வழக்குகள் வரை வந்தன. நெருக்கடியைக் காரணமாக ஏற்கலாமா என்பதில், ஏறத்தாழ ஒரே சம்பவங்களை ஆராய்ந்த நடுவர் குழுக்களே வெவ்வேறு முடிவுக்கு வந்தன.

மூன்றாவது விதியைப் பலர் கவனிப்பதில்லை. 'மிகச் சலுகை பெற்ற நாடு' என்ற விதியின்படி வேறொரு நாட்டின் முதலீட்டாளருக்குத் தந்த சலுகையை இவருக்கும் தர வேண்டும். ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம், இந்திய நீதிமன்றங்களில் தன் வழக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டதாகப் புகார் சொன்னது. அதற்குத் தோதான விதி இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லை. இந்திய-குவைத் ஒப்பந்தத்தில் இருந்தது. மிகச் சலுகை விதியின் வழியே அதைக் கொண்டுவந்து 2011இல் வென்றது. ஒரு நாடு செய்துகொண்ட ஒப்பந்தங்களிலேயே மிகத் தாராளமானது எதுவோ, அதுவே மற்றவற்றையும் தீர்மானிக்கக்கூடும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

வழக்கு நடக்கும் விதம்

மூன்று நடுவர்கள். நிறுவனம் ஒருவரை நியமிக்கும், அரசு ஒருவரை நியமிக்கும், தலைவரை இருதரப்பும் சேர்ந்தோ வெளி அமைப்போ தேர்ந்தெடுக்கும். இவர்கள் நிரந்தர நீதிபதிகள் அல்லர். பெரும்பாலும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும். மேல்முறையீடு கிடையாது. இக்சிட்டில் மிகக் குறுகிய காரணங்களுக்காகத் தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கலாம். தீர்ப்பு தவறு என்பது அந்தக் காரணங்களில் இல்லை. பணம் கட்டாவிட்டால் நிறுவனம் வேறு உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்களுக்குப் போய், அங்குள்ள அந்த அரசின் வணிகச் சொத்துகளை முடக்கக் கேட்கலாம்.

எதிர்த்திசையில் இதே கதவு திறப்பதில்லை. ஆற்றை மாசுபடுத்திய நிறுவனத்தின் மீது அந்த ஊர் மக்கள் இந்த மன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. பழைய ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கு உரிமைகள் உண்டு, கடமைகள் அநேகமாக இல்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி இதுதான்.

அரசு ஜெயித்தாலும் சுமை உண்டு. சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்று உருகுவே விதித்தது. சுவிட்சர்லாந்துடன் இருந்த ஒப்பந்தத்தை வைத்து ஃபிலிப் மோரிஸ் 2010இல் வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. செலவுக்காக 70 லட்சம் டாலரை நிறுவனம் தர வேண்டும் என்றும் தீர்ப்பானது. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்தச் சிறிய நாடு வழக்கை நடத்த வெளியிலிருந்து நிதியுதவி பெற வேண்டியிருந்தது. அதே நிறுவனம் ஆஸ்திரேலியா மீது தொடுத்திருந்த வழக்கின் முடிவு தெரியட்டும் என்று நியூசிலாந்து தன் சிகரெட் பெட்டிச் சட்டத்தைத் தாமதப்படுத்தியது. வசதியான நாடே தயங்கினால், சுகாதாரத் துறையில் நாலைந்து சட்ட அலுவலர்களை வைத்திருக்கும் நாடு என்ன செய்யும்? கொண்டுவரப்படாமலே போன சட்டங்களை எந்தப் புள்ளிவிவரத்திலும் காண முடியாது.

ஆஸ்திரேலியா மீதான வழக்கு 2015இல் தள்ளுபடியானது. சர்ச்சை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, ஹாங்காங் ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவதற்காகவே பங்குகளை அங்குள்ள கிளைக்கு மாற்றியது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்றார்கள் நடுவர்கள். எந்த நாட்டிலும் ஒரு பெயர்ப்பலகை நிறுவனத்தைத் தொடங்கி அந்த நாட்டின் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், உண்மையான தொழில் நடவடிக்கை இல்லாதவருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வளரும் நாடுகளுக்கு உள்ள உரிமைகள்

உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் வளரும் நாடுகளுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு மட்டும் குறைந்த வரி விதிக்க 1979ஆம் ஆண்டு முடிவு ஒன்று நிரந்தரமாக இடம்தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல், ஆயுதங்கள் நீங்கலாக, மிகவும் பின்தங்கிய நாடுகளின் எல்லாப் பொருள்களையும் வரியில்லாமல் ஏற்கிறது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. வியட்நாமும் 2001இல் அமெரிக்காவுடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்துக்கும் 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததற்கும் பிறகு ஏற்றுமதியில் வேகமாக முன்னேறியது. சந்தை திறப்பதால் கிடைக்கும் நன்மை கற்பனையல்ல.

விவசாயத்தில், விலையை ஆதரிக்கும் மானியம் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை இருக்கலாம். வளர்ந்த நாடுகளுக்கு 5 சதவீதம். ஆனால் அரசு கொள்முதல் விலையை ஒப்பிடுவது 1986-88 காலத்துச் சந்தை விலையோடு. அத்தனை பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் சாதாரணக் கொள்முதல்கூட வரம்பு மீறிய மானியமாகத் தெரியும். இதற்கு நிரந்தரத் தீர்வு வரும்வரை, பொது விநியோகத்துக்காகத் தானியம் சேமிக்கும் வளரும் நாடுகளின் நடப்புத் திட்டங்கள் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று 2013 பாலி மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்த நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

மருந்துகளுக்கு வருவோம். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை விதித்தொகுப்பில், காப்புரிமை 20 ஆண்டு என்பது உறுப்பு நாடுகளுக்கான பொது விதி. அதே விதித்தொகுப்பின் 31ஆம் பிரிவு, காப்புரிமை உள்ள மருந்தை வேறொரு நிறுவனம் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் வழங்கலாம் என்கிறது. காப்புரிமையாளருக்கு உரிய தொகை கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காக வழங்குவது என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யலாம் என்று 2001 தோஹா பிரகடனம் தெளிவாக்கியது. தாய்லாந்தும் பிரேசிலும் எச்.ஐ.வி. மருந்துக்கு இதைப் பயன்படுத்தின. இந்தியா 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு உரிமம் வழங்கியபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாக இறங்கியது. மிகவும் பின்தங்கிய நாடுகள் 2033 வரை மருந்துக் காப்புரிமையே வழங்க வேண்டியதில்லை.

இந்த உரிமைகளை இருதரப்பு வர்த்தக ஒப்பந்தங்கள் சத்தமில்லாமல் அரித்துவிடக்கூடும். காப்புரிமைக் காலத்தை நீட்டிப்பது ஒரு வழி. மருந்து சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை கேட்பது இன்னொன்று: அப்படி ஒரு விதி வந்துவிட்டால், கட்டாய உரிமம் கையில் இருந்தும் மலிவு மருந்துக்கு விற்பனை ஒப்புதல் கிடைக்காமல் போகலாம். ஜெனீவாவில் பெற்ற உரிமை ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

விலக முடியுமா?

முடியும், உடனடியாக அல்ல. இனப்பாகுபாட்டால் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்குச் சுரங்கத் தொழிலில் பங்கு தரும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து ஐரோப்பிய முதலீட்டாளர்கள் 2007இல் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகு அந்த நாடு தன் ஒப்பந்தங்களை மறு ஆய்வு செய்து, ஐரோப்பிய நாடுகளுடன் இருந்த பலவற்றை முடித்துக்கொண்டு, 2015இல் தன் சொந்த முதலீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இந்தோனேசியாவும் இந்தியாவும் பழைய ஒப்பந்தங்களிலிருந்து வெளியேறின. இந்தியாவின் 2016 மாதிரி ஒப்பந்தம், முதலீட்டாளர் ஐந்து ஆண்டுகள் உள்நாட்டு வழிகளில் முயன்ற பிறகே வெளியே போகலாம் என்கிறது. பிரேசிலோ நிறுவனம் அரசின் மீது வழக்குத் தொடுக்க இடம்தரும் ஒப்பந்தம் எதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே இல்லை. ஆனாலும் வளரும் நாடுகளில் அதிக அந்நிய முதலீடு பெறுபவற்றில் அதுவும் ஒன்று. கையெழுத்துப் போடாவிட்டால் முதலீடே வராது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெரும்பாலானவை தங்களுக்குள் இருந்த இத்தகைய ஒப்பந்தங்களை முடிக்க 2020இல் உடன்பட்டன.

விலகுவதில் தடையாக நிற்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் நீடிப்பு விதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும், அதற்கு முன் வந்த முதலீடுகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் வரை பாதுகாப்பு தொடரும். முதல் 10 ஆண்டு விலக முடியாது, விலக ஓராண்டு முன்னறிவிப்பு, அதன்பின் 15 ஆண்டு நீடிப்பு என்று வைத்துக்கொண்டால், இன்று கையெழுத்திடும் அமைச்சர் 26 ஆண்டுகளுக்கு நாட்டைக் கட்டிவைக்கிறார்.

உங்கள் நாடு எவற்றில் கையெழுத்திட்டிருக்கிறது என்று பார்க்க, ஐ.நா.வின் அங்டாட் அமைப்பு தன் இணையத்தளத்தில் நாடுவாரியாக ஒப்பந்தங்களையும் வெளியே தெரிந்த வழக்குகளையும் இலவசமாகத் தருகிறது. திறந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: நீடிப்பு எத்தனை ஆண்டு? பிறகு வழக்குப் பிரிவு: உள்நாட்டு நீதிமன்றம் முதலில் வருகிறதா? அதன்பின் பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல், வரி ஆகியவற்றுக்கு விதிவிலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் இருந்தால், இந்தக் கேள்விகளை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய நேரம் அதுதான். கையெழுத்தான பிறகு வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றவும் மறுதரப்பின் சம்மதம் வேண்டும்.