பூச்சியம் சரியானால் மைக்ரோமீற்றர் சரியாகிவிடுமா?

கொட்பேயிலிருந்து வரும் படகு எஞ்சினோ, கிண்ணியா வயலிலிருந்து வரும் உழவு இயந்திரமோ, திருகோணமலை லேத் வேலைத்தளங்களில் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கில்தான். கிராங் ஜேர்னலை, அதாவது பெயரிங்குக்குள் சுழலும் கிராங் தண்டின் பகுதியை, 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பெயரிங் போடுகிறோம். ஜேர்னலுக்கும் பெயரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஓடுவதற்கு விடும் இடைவெளி பல சிறு டீசல் எஞ்சின்களில் 0.03 முதல் 0.08 மி.மீ. வரைதான். இதை அளக்கும் திருகுக் கருவியான மைக்ரோமீற்றர் 0.02 மி.மீ. பொய் சொன்னால் அந்த இடைவெளியில் பெரும்பங்கு போய்விடும். அந்த எஞ்சின் இறுகுவது நடுக்கடலில்.

இப்படியிருக்க, அளவில் சந்தேகம் வந்ததும் பலர் கொக்கிச் சாவியை எடுத்து, மூடிய கருவி காட்டவேண்டிய பூச்சியத்தைத் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். கருவிக்குச் செய்யும் மிகப் பெரிய கேடு இதுதான். பொருளைத் தொடும் அளவு முகத்தில் ஒட்டிய அழுக்கையும் துருவையும் கணக்கில் சேர்த்துப் பூச்சியம் வைத்தால், அந்த அழுக்கு விலகிய மறுகணமே எல்லா அளவும் பிசகும்.

முதலில் உப்பு. இங்கே ஒக்டோபரில் தொடங்கும் வாடை ஈரத்தையும் உப்பையும் கொண்டுவருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் புழுதி ஏறுகிறது. கருவியைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது வழக்கம். அவை எண்ணெயையும் கிறீஸையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. கழுவிப் பளபளப்பாக வைத்த மைக்ரோமீற்றர் ஒரு வாரத்தில் மீண்டும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பது அதனால்தான். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் (அமிலம் கலந்ததல்ல) நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தையும் இரண்டு அளவு முகங்களையும் துடையுங்கள். உடனே உலர்ந்த துணி, பிறகு ஐசோபுரோபைல் அற்ககோல், கடைசியாக மெல்லிய கருவி எண்ணெய் ஒரு துளி. வியர்வைக் கையின் அடையாளத்துக்கும் இதே முறைதான். எண்ணெயை முகங்களில் மட்டும் அளக்குமுன் துடைத்துவிட வேண்டும்.

அடுத்து முகங்களுக்கிடையில் ஒரு சுத்தமான வெள்ளைத்தாளை மெதுவாகப் பிடித்து உருவுங்கள். தாளில் கறை வராதவரை உருவ வேண்டும். பிறகு கருவியின் கடைசி முனையிலுள்ள குமிழான ராட்செட்டை மூன்று நான்கு தடவை கிளிக் என்று ஒலிக்கவிட்டு மூடிப் பாருங்கள். திம்பிளை (சுழலும் உருளையை) கையால் இறுக்கக்கூடாது. ராட்செட் தரும் அழுத்தம் 5 முதல் 10 நியூட்டன் வரைதான். விரல் இறுக்கம் அதைப் பல மடங்கு தாண்டி, சட்டத்தையே விரிக்கும். பிழையென்று கொண்டுவரப்படும் கருவிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

இதற்குப் பிறகும் பூச்சியம் விலகி நின்றால் மட்டுமே சாவி. விலகல் 0.01 மி.மீ.க்குள் என்றால் ஸ்பிண்டிலை (நகரும் தண்டை) பூட்டி, ஸ்லீவின் (கோடுகளுள்ள நிலையான உறையின்) பின்பக்கமுள்ள சிறு துளையில் கொக்கிச் சாவியை மாட்டி ஸ்லீவைத் திருப்புங்கள். அதைவிடக் கூடுதலென்றால் ஸ்பிண்டிலைப் பூட்டிக்கொண்டு ராட்செட்டைத் தளர்த்தி, திம்பிளை ராட்செட் பக்கமாக இலேசாகத் தள்ள வேண்டும்; திம்பிளை ஸ்பிண்டிலோடு சேர்த்திருக்கும் கூம்புப் பிடி விடும். கோட்டை ஏறத்தாழப் பொருத்தி ராட்செட்டை இறுக்கி, மிச்சத்தை ஸ்லீவால் எடுங்கள். பூட்டைத் திறந்து மூன்று முறையாவது மூடிப் பார்க்காமல் வேலை முடிந்ததாக வைக்காதீர்கள். 25–50, 50–75 மி.மீ. கருவிகளுக்குப் பூச்சியம் பார்க்க, நீளம் தெரிந்த செற்றிங் தண்டு வேண்டும். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பேசினால் தண்டு சூடேறி நீளும்.

ஸ்பிண்டில் ஆடினால், அதாவது முன்னும் பின்னும் திருப்பும்போது வெற்றோட்டம் தெரிந்தால், திம்பிளுடன் ஸ்பிண்டிலைக் கழற்றுங்கள். ஸ்லீவின் முனையில் கூம்புப் புரிகொண்ட சரிப்படுத்தும் நட் இருக்கும். அதை ஒரு சிறு பங்கு இறுக்கி, மீண்டும் போட்டு, முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் தளர்ந்தும் இன்னோரிடத்தில் இறுகியும் ஓடினால், அடிக்கடி அளக்கும் பகுதியில் புரி தேய்ந்துவிட்டது. எந்த நட்டும் அதைத் திருத்தாது. அந்தக் கருவியைப் பருமட்டான வேலைக்கு ஒதுக்குங்கள்.

பூச்சியம் என்பது 25 மி.மீ. ஓட்டத்தில் ஒரேயொரு புள்ளி. மிச்சத்தைத் துல்லிய அளவில் செய்த கேஜ் கட்டைகளால்தான் அறியலாம். பலர் 5, 10, 15, 20, 25 என்று சோதிக்கிறார்கள். புரியின் இடைவெளி 0.5 மி.மீ. என்பதால் இந்த அளவுகள் எல்லாவற்றிலும் திம்பிள் ஒரே கோணத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் பிழை கண்ணில் படவே படாது. ஆகவேதான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 மி.மீ. என்ற விசித்திரமான வரிசை பயன்படுகிறது. இவை திம்பிளை ஒரு சுற்றுக்குள் ஐந்து வெவ்வேறு இடங்களில் நிறுத்தும். இந்த 10 கட்டைகளும் ஒரே செற்றாகவே கிடைக்கின்றன. நல்ல 0–25 கருவியில் எந்த இடத்திலும் பிழை 0.004 மி.மீ.யைத் தாண்டக்கூடாது.

அளவுகளுக்கான நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் தகரக்கூரையின் கீழ் அது ஒருநாளும் வராது. உருக்கு வேலைப்பொருளும் உருக்குக் கருவியும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் பாதகமில்லை. அரைத்த சூட்டோடு அளப்பதுதான் ஆபத்து: 70 மி.மீ. ஜேர்னல் கருவியைவிட 10 பாகை சூடாக இருந்தால் ஏறத்தாழ 0.008 மி.மீ. பெரிதாகத் தெரியும், ஆறியபின் சிறுத்துவிடும். அலுமினியம் உருக்கைப்போல் இருமடங்கு விரியும். உருக்குக் கருவியும் பிஸ்டனும் 34 பாகையில் இருக்கும்போது அளந்த 100 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் தன் நியம அளவைவிட 0.016 மி.மீ. கூடுதலாகக் காட்டும்.

வேணியர் கலிப்பரில் முதலில் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரிடத்தில் ஒளிக்கீறு தெரிந்தால் பிசிறு அல்லது தேய்வு. மேலே துருத்தும் பிசிறை மட்டும் மிக நுண்ணிய எண்ணெய்க்கல்லால் நீக்கலாம், முகத்தைத் தேய்க்கக்கூடாது. நகரும் தாடை ஆடினால் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு திருகுகளையும் நிற்கும்வரை இறுக்கி, எட்டில் ஒரு சுற்றுப் பின்வாங்குங்கள். தாடை நுனியால் அளக்காமல் தண்டுக்குக் கிட்டே அளந்தால் மிஞ்சிய ஆட்டமும் குறைவாகவே பாதிக்கும்.

சிறு அசைவை வட்டமுகத்தில் காட்டும் டயல் கேஜின் ஊசி திரும்பி வராமல் ஒட்டினால் எண்ணெய் விடாதீர்கள், அது புழுதியைப் பிடித்து நிலைமையை மோசமாக்கும். முதலில் ஸ்டாண்டின் இறுக்கியைச் சற்றுத் தளர்த்துங்கள். 8 மி.மீ. தண்டை அதிகமாக இறுக்கினால் உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சர் நெரிந்து ஒட்டும். அதற்கும் சரிவராவிட்டால் பிளஞ்சரை அற்ககோல் துணியால் துடையுங்கள். உள்ளே இருப்பது மயிர்ச்சுருள்வில்லும் நுண்பற்சில்லுகளும். திறப்பது கடிகார வேலை தெரிந்தவருக்கு மட்டும்.

இரவில் மைக்ரோமீற்றரை முகங்கள் ஒட்டாமல் ஒரு மில்லி திறந்து, பூட்டைத் திறந்தபடி வையுங்கள். பெட்டியிலுள்ள பஞ்சுமெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதை எடுத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் பை போடுவது நல்லது.

இங்கே திருத்த முடியாததைக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களுக்கு அளவுத்திருத்தத்துக்கு அனுப்பலாம். அனுப்பும்போது, திருத்துவதற்கு முன் இருந்த அளவுகளையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு பிழை இருந்தது என்று அந்தத் தாளில்தான் தெரியும். 0.02 மி.மீ. என்று வந்தால், அந்தக் கருவியால் அளந்து கொடுத்த கிராங்குகளின் சொந்தக்காரர்களை அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் கூப்பிட வேண்டும்.