பேட்டரி மேல் பழி போடுமுன் எர்த்தைப் பாருங்கள்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். தை, மாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் பூட்டிய வீட்டிலிருந்து வெளியே வந்தவை. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ குடும்பம் ஊருக்கு வரும். முகப்பில் தூசி மூடிக் கிடந்த ஐயாவின் புல்லட்டைப் பேரன் தள்ளிக்கொண்டு வருவார். "அண்ணே, பேட்டரி போயிருச்சு போல. புதுசு ஒண்ணு போட்டுவிடுங்க."

போயிருக்கலாம். மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-இல் திறக்கப்பட்ட ஊர் இது. அதன் வாசலைத் தாண்டித்தான் சிலர் பேட்டரியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

ஆனால் பேட்டரி பல நேரம் குற்றவாளியே இல்லை. கானாடுகாத்தானிலிருந்து ஒரு 12 வோல்ட் புல்லட் வந்தது. ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்கள். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். இந்த இரண்டாவது கூத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது பேட்டரி மைனஸை வண்டி இரும்போடு சேர்க்கும் இணைப்பின் மேல். போன கரண்ட் திரும்பி வர நல்ல வழி இல்லையென்றால், கிடைத்த பல்பு வழியாகச் சுற்றி வரும்.

பேட்டரியை அளந்தேன்: 12.6 வோல்ட், முழுச் சார்ஜ். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டேன். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 1.4 காட்டியது. வண்டிக்கு ஆசையாகப் புது பெயின்ட் அடித்தபோது, எர்த் ஒயரை அந்தப் பெயின்ட் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். வேலை இருபது நிமிஷம். கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டேன்.

எர்த் சரியாக இருந்தால் அடுத்தது சார்ஜிங். இன்ஜினை நடு வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் கரண்ட் உண்டாக்கும் காயில், அதை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் பக்கம் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது; பல்பு அடிக்கடி பீஸ் போவதும் இதனால்தான். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் நல்ல சாமானும் போகும்.

ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் நிற்கிறதா? ஹெட்லைட்டுக்குப் பின்னால், கழுத்தில் வளைந்து வளைந்து ஒயர் உள்ளே அறுந்திருக்கும், வெளித்தோல் முழுசாகவே தெரியும். பூட்டிய வீட்டு வண்டியென்றால் சீட்டுக்கு அடியில் எலி கடித்ததையும் பாருங்கள். அங்கே ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பசை உருகி நழுவிவிடும். ஈயப் பற்றவைப்பும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும்தான் நிற்கும்.

எனக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான்: பியூஸ் வைக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். 15 ஆம்பியர் பியூஸ் உருகியிருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். தாளைச் சுற்றிவிட்டால் பியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். அதற்கு ஒரு சாண் மேலே பெட்ரோல் டேங்க். அப்படிக் கருகிய ஒயரிங்கை மூன்று வண்டியில் பிரித்திருக்கிறேன்.

வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறவர்கள் பேட்டரியைக் கழற்றி, ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை ஃபிரேமில் பட்டால், அப்புறம் அந்த ஸ்பேனரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.