சிகரெட் புகை விந்தணுவை என்ன செய்கிறது?

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் குழந்தை இல்லை என்றால் நம் ஊரில் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவது மனைவிதான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று அவர் மாதக்கணக்கில் அலைந்த பிறகே கணவரின் விந்துப் பரிசோதனை யாருக்காவது நினைவுக்கு வருகிறது. இது பெரிய அநியாயம். குழந்தையின்மைக்குச் சிகிச்சை தேடும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அந்தக் காரணங்களில் நாமே நிறுத்தக்கூடிய ஒன்று புகை.

விந்தணு விசித்திரமான செல். நீந்துவதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் உதறிவிட்ட உடம்பு அதற்கு. தலையில் டிஎன்ஏ, அதற்குக் கீழே ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, அப்புறம் வால், அவ்வளவுதான். மற்ற செல்களுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற சைட்டோபிளாசம் இதில் மிகக் குறைவு. அதிலிருக்கும் பாதுகாப்பு நொதிகளும் அதனால் குறைவு. டிஎன்ஏ உடைந்தால் தானே சரிசெய்துகொள்ளும் திறன் முதிர்ந்த விந்தணுவுக்கு அநேகமாக இல்லை. வால் நெளிய வேண்டும் என்பதற்காக அதன் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஏராளம். அந்த வகைக் கொழுப்புதான் ஆக்சிஜனிடம் எளிதில் சிக்கும். நாள்பட்ட எண்ணெய் காறிப்போகிறதே, அதே வகை வேதிவினைதான் இங்கேயும்.

புகையில் உள்ள நச்சுகள் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து விந்துத் திரவத்துக்கும் போய்ச் சேர்கின்றன. புகைப்பவர்களின் விந்தில் நிகோடினையே அளந்திருக்கிறார்கள். குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த ஆண்களை ஒப்பிட்டு 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களின் விந்தில் வெள்ளையணுக்கள் 48 விழுக்காடும், செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் 107 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. இந்த மூலக்கூறுகள் சவ்வைக் கெடுக்கும்போது வால் விறைத்து, நீச்சல் தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியா அடிபட்டால் நீந்தும் சக்தியே குறைகிறது.

புகையிலைச் செடிக்கு மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அந்த உலோகம் புகையோடு உடம்புக்குள் வந்து வருடக்கணக்கில் தங்குகிறது. விந்தணு உருவாகும் இடத்தை ரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பையே அது பலவீனப்படுத்தும் என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

2016 இல் 20 ஆய்வுகளை, மொத்தம் 5,865 ஆண்களின் தகவல்களை ஒன்றுசேர்த்து அலசினார்கள். புகைப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கை, நகரும் திறன், வடிவம் மூன்றுமே குறைபட்டிருந்தன. அதிகம் புகைத்தவர்களிடம் பாதிப்பும் அதிகம். ஆனாலும் புகைக்கும் பலருக்கு ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தந்த அளவுகோலின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது கீழ் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வழக்கமான பரிசோதனை விந்தணுக்களை எண்ணும், நகர்கிறதா என்று பார்க்கும்; உள்ளே இருக்கும் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்க்காது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். கொஞ்சம் உடைசலைக் கருமுட்டை சரிசெய்துவிடும். அதற்கு மேல் போனால் கரு தங்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஊசி வழியே ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சையிலும், நுண்ணோக்கியில் வெளித் தோற்றத்தையும் அசைவையும் பார்த்துத்தான் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லட்சங்கள் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பத்திடம் அதற்கு முன்பே சிகரெட்டை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

பீடிக்கும் இதெல்லாம் பொருந்தும். புகையிலை மெல்லுபவர்களும் தப்பவில்லை. அவர்களின் விந்தணுத் தரமும் குறைவதை இந்திய ஆய்வு காட்டியிருக்கிறது.

சரி, நிறுத்தினால் மீள முடியுமா? பெரும்பாலும் முடியும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது முதிர்ந்து வெளியேற இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று நிறுத்தினால் புகை படாமல் உருவான விந்தணுக்கள் வர மூன்று மாதம் ஆகும். மறுபரிசோதனையை அதற்கு முன்னால் எடுத்துவிட்டு, நிறுத்தியும் பலனில்லை என்று மீண்டும் பற்றவைத்துவிட வேண்டாம். தனியாக நிறுத்த முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.